ஐ.ஐ.எம். கிடைக்குமா? நோட்டுப் புத்தகத்தில் போட்ட கணக்கு

ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு கேட். 2022 டிசம்பர் 21 அன்று அதன் முடிவு வந்தபோது பெங்களூரில் அலுவலகப் படிக்கட்டில் நின்றபடி கைப்பேசியில் பார்த்தேன். 96.1 பெர்சென்டைல். ஈரோட்டில் ஜவுளிக் கடையில் இருந்த அப்பாவை அழைத்துச் சொன்னேன். "நூற்றுக்குத் தொண்ணூற்றாறா? அப்புறம் என்ன தம்பி, அகமதாபாத்தே கிடைத்துவிடும்" என்றார். பிறகு யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் அவர் அதைப் பெருமையாகச் சொல்வதும் கேட்டது. அவரைத் திருத்த மனம் வரவில்லை. எனக்கே அப்போது பாதிதான் புரிந்திருந்தது.

பெர்சென்டைல் என்றால் வரிசையில் நாம் நிற்கும் இடம், அதாவது நூற்றில் எத்தனை பேர் நமக்குப் பின்னால் என்பது. 2022 கேட் தேர்வில் மொத்தம் 198 மதிப்பெண். அதில் பாதியைத் தொடாமலேயே 99 பெர்சென்டைல் வாங்கியவர்கள் உண்டு. அந்த ஆண்டு தேர்வு எழுதியவர்கள் ஏறக்குறைய 2.22 லட்சம் பேர். அதாவது எனக்கு முன்னால் எட்டாயிரத்து அறுநூறு பேர் நின்றார்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் இரண்டாண்டு முதன்மைப் படிப்பில் இருப்பதோ சுமார் 400 இடங்கள். இந்த எளிய பெருக்கலைக்கூடப் போடாமல் ஒரு மாதம் கனவில் கழிந்தது.

கனவுக்குத் தூபம் போட ஆளும் இருந்தது. ஒரு பயிற்சி நிறுவனத்தில் "உங்கள் வாய்ப்பை இலவசமாக மதிப்பிடுகிறோம்" என்று அழைத்தார்கள். எதிரே உட்கார்ந்த இளைஞர் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "அருமையான பின்னணி சார், குறைந்தது நான்கு அழைப்புகள் வரும்" என்றார். எந்த நான்கு என்று கேட்டதற்கு நேர்காணல் பயிற்சிக்கான கட்டண அட்டையை நகர்த்தினார். நானும் கட்டினேன். ஐ.ஐ.எம்.களுக்குத் தனி விண்ணப்பம் பெரும்பாலும் வேண்டியதில்லை, கேட் பதிவே போதும். ஆனால் மற்ற மேலாண்மைக் கல்லூரிகளுக்குத் தனித்தனிப் படிவம், தனித்தனிக் கட்டணம். அப்படி ஆறு இடங்களுக்குப் பணம் கட்டியிருந்தேன். பழைய ஐ.ஐ.எம்.கள் ஒன்றிலிருந்தும் அழைப்பு வரவில்லை. இலவச மதிப்பீட்டுக்கு நான் கொடுத்த விலை ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசி.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோபத்தில்தான், ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மின் தேர்வு முறை ஆவணத்தையும் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் அவர்களுடைய இணையதளத்திலேயே ஆண்டுதோறும் வெளியாகிறது. யாரை அழைப்பது என்பதற்கான சூத்திரமே அதில் இருக்கிறது. இதை விட்டுவிட்டு ஊரெல்லாம் ஆருடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது என் பதினைந்து வயது. அகமதாபாத், பெங்களூர் இரண்டுமே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் கேட் மதிப்பெண்ணோடு சேர்த்துத்தான் வரிசைப்படுத்துகின்றன. நான் பார்த்த அகமதாபாத் அட்டவணையில் பத்தாம் வகுப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் 10 புள்ளி, 80க்கும் 90க்கும் இடையில் என்றால் 8. அம்மாவிடம் சொல்லி பீரோவிலிருந்து 2013ஆம் ஆண்டின் மதிப்பெண் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 500க்கு 462. தப்பித்தேன். என் அறைத் தோழன் 447 வாங்கியவன். நான்கு மதிப்பெண்ணில் இரண்டு புள்ளி போயிற்று. சமூக அறிவியல் தாளில் வரைபடத்தை ஒழுங்காகக் குறித்திருந்தால் என்று அவன் இன்றும் புலம்புகிறான்.

பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1098. 91.5 விழுக்காடு, யாரும் குறை சொல்ல முடியாத எண் என்று நினைத்திருந்தேன். பெங்களூர் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஒரே பாடத்திட்ட வாரியத்தில் படித்த விண்ணப்பதாரர்களை ஒன்றாக வைத்து, அவர்களில் 90ஆவது பெர்சென்டைலில் நிற்பவரின் மதிப்பெண்ணால் நம் மதிப்பெண்ணை வகுக்கிறது. உதாரணத்துக்கு அந்த நபர் 97 விழுக்காடு வாங்கியிருந்தால், என் மதிப்பு 0.94தான். தமிழ்நாட்டில் அக்காலத்தில் மதிப்பெண் எப்படிக் கொட்டியது என்பதை மறக்க முடியுமா? நான் பள்ளியை முடித்த அதே 2015இல் பத்தாம் வகுப்பில் 500க்கு 499 வாங்கி முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் மட்டும் 41 பேர். நம் தெருவில் பெரிதாகத் தெரிந்த எண், வகுத்துப் பார்த்தால் சுருங்கிவிடுகிறது. எனக்கு இது அநியாயமாகப் படவில்லை. வாரியத்துக்கு வாரியம் மாறும் தாராளத்தை வேறு எப்படிச் சமன்செய்வது?

வேலை அனுபவத்தில் இன்னொரு தெளிவு. ஜூலை 31 வரையிலான மாதங்களைத்தான் எண்ணுகிறார்கள். 36 மாதத்துக்கு மேல் புள்ளி ஏறாது. "இன்னும் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு எழுது, மதிப்பு கூடும்" என்று அலுவலகத்தில் மூத்தவர்கள் சொன்ன அறிவுரை இந்தக் கணக்கோடு முடிந்தது. நான் ஏற்கெனவே அந்த எல்லையை நெருங்கியிருந்தேன். மாற்றக்கூடியதாக என் கையில் மிஞ்சியது கேட் மதிப்பெண் ஒன்றுதான் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

அது தவறு. பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது.

2022 பதிவின்போது பிரிவு என்ற கட்டத்தில் "பொது" என்று போட்டிருந்தேன். காரணம் சோம்பேறித்தனம். என்னிடம் இருந்தது மாநில அரசின் பி.சி. சாதிச் சான்றிதழ், பள்ளிக் காலத்து நிரந்தர அட்டை. மத்திய நிறுவனங்களில் 27 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் நம் சாதி இருக்க வேண்டும், வளமான பிரிவில் வரவில்லை என்ற சான்றிதழ் மத்தியப் படிவத்தில் வேண்டும். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் மத்தியப் பட்டியலில் இருக்காது என்பதால் முதலில் அதைச் சரிபார்த்தேன். இருந்தது. பதிவு முடிந்தபின் பிரிவை மாற்ற விடமாட்டார்கள் என்பதால் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்துக்குப் போனேன்.

அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர ஐந்து வாரம் ஆனது. இடையில் ஒருவர் என் சம்பளச் சீட்டைக் கேட்டு, "ஐ.டி. வேலை, இவ்வளவு சம்பளம், உங்களுக்கு எப்படித் தருவது?" என்று நிறுத்திவிட்டார். கணக்கில் வருவது பெற்றோரின் நிலை. மகனின் சம்பளம் அதில் சேராது. பெற்றோரின் வேளாண் வருமானத்தையும், வளமான பிரிவா என்று பார்க்கும் 8 லட்சம் ரூபாய் ஆண்டு வருமான வரம்பில் சேர்ப்பதில்லை. மத்திய அரசின் விதியை அச்செடுத்துக்கொண்டு, அப்பாவின் மூன்று ஆண்டு வருமான வரித் தாக்கலோடு மறுபடி போய் நின்றேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையெழுத்திட்டார். அந்த மௌனத்துக்கு இன்றும் நன்றி.

இதற்காக அலுவலகத்தில் ஒரு நண்பன் முகம் சுளித்தான், "தகுதியில் போகப் பார்" என்றான். அப்பா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடைக்குப் போனவர் என்பதை அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், காலையில் இரண்டு மணி நேரம், வார இறுதியில் மாதிரித் தேர்வு. 2023 நவம்பர் 26 அன்று எழுதினேன். 98.4 வந்தது. அந்த ஆண்டு எழுதியவர்கள் சுமார் 2.88 லட்சம் பேர் என்பதால் என் முன்னால் இன்னும் நாலாயிரத்து அறுநூறு பேர். இந்த முறை அப்பாவிடம் பெர்சென்டைலைச் சொல்லாமல் அதையே சொன்னேன். "அவ்வளவு பேரா?" என்றார். "கடைக்கு முன்னால் தீபாவளிக் கூட்டம் மாதிரி அப்பா" என்றேன். புரிந்துகொண்டார்.

அந்தச் சூத்திரங்களை வைத்துக் கணக்குப் போட்டு நோட்டில் "வரும்" என்று எழுதிய ஐந்து இடங்களில் நான்கிலிருந்து அழைப்பு வந்தது. "வராது" என்று எழுதியவை வரவே இல்லை. கோழிக்கோடு, திருச்சி இரண்டும் வந்தவற்றில் அடக்கம். நேர்காணல் கட்டத்தில் எடைகள் மாறுகின்றன. கேட்டின் பங்கு குறைந்து பேச்சின் பங்கு கூடுகிறது. அங்கே என் நோட்டுக்கு வேலையில்லை. ஒரு குழுவில், "ஈரோட்டுக்காரர்தானே, ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு எந்த ஆண்டு கிடைத்தது?" என்று கேட்டார்கள். நெருக்கடியில் பொருள் வழங்கல் பற்றித் தயாரித்த ஆங்கில வாசகங்கள் எல்லாம் நாக்கில் நிற்க, தெரியாது என்றேன். 2019 என்று வாசலுக்கு வந்து தேடித் தெரிந்துகொண்டேன். அந்த இடத்தில் காத்திருப்போர் பட்டியல். திருச்சியில் இடம் கிடைத்தது.

போன மாதம் சித்தி மகள் வந்திருந்தாள். கோவையில் பி.காம். படிக்கிறாள். "அண்ணா, எனக்குக் கிடைக்குமா?" என்றாள். பொறியியல் அல்லாத படிப்பு, பெண் விண்ணப்பதாரர். இரண்டுக்குமே சில நிறுவனங்கள் தனிப் புள்ளி தருகின்றன. 2013இல் கோழிக்கோட்டில் சேர்ந்த வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். உற்சாகத்தோடு நோட்டை எடுத்து, முதல் கட்டத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் எவ்வளவு என்று கேட்டேன். அவள் சிரித்தாள். 2021இல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. அந்த ஆண்டு தமிழ்நாட்டுச் சான்றிதழில் "தேர்ச்சி" என்ற சொல் மட்டும்தான், மதிப்பெண் கிடையாது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அவள் குறிவைக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இதைக் கேட்டு மின்னஞ்சல் எழுத இருவரும் உட்கார்ந்தோம்.