சுங்கை சிப்புட்டில் ஓர் அரிசோனா வாக்குவாதம்

ஈப்போவிலிருந்து பழைய சாலையிலேயே சுங்கை சிப்புட் போனேன். டோல் மிச்சம், வழியெல்லாம் செம்பனை. மாமா ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். பசார் பக்கத்துக் கடையில் தே தாரிக் வந்ததும், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில் படிக்கும் என் தங்கை அனுப்பிய சாலைத் திட்டத்தைக் காட்டினேன். அங்கே நொகாலஸிலிருந்து விக்கன்பர்க் வரை போடப் பார்க்கும் ஐ-11 நெடுஞ்சாலை, சுமார் 450 கிலோமீட்டர்.

"பாலைவனந்தானே, போடட்டுமே" என்றார்.

சுவாரோ கள்ளியின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மழை குடித்தால் அதன் மடிப்புகள் விரிந்து தண்டு பருக்கும். இரவில் பூ மலர்ந்தால் வௌவால் தேன் குடிக்க வரும். முதல் கிளை விடவே ஐம்பது, எழுபது வருடம் ஆகிவிடும். சாலைக்கு யோசிக்கும் இரண்டு பாதைகளில் ஒன்று, இந்தக் கள்ளிக்காகவே உள்ள சுவாரோ தேசியப் பூங்காவின் மேற்கே, ஆவ்ரா பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது.

மாமாவை அசைத்தது கள்ளி இல்லை. கொலராடோ ஆற்றுத் தண்ணீரை டூசானுக்குக் கொண்டுபோகக் கால்வாய் வெட்டியபோது, விலங்குகளின் வழி அடைபடக் கூடாதென்று மத்திய அரசு 1990-இல் ஏறத்தாழ 2,500 ஏக்கரை வாங்கி ஒதுக்கியது. மேற்குப் பாதை அந்த நிலத்துக்குள்ளேயேதான் நுழைகிறது.

"நட்டஈடா குடுத்ததையே திரும்பக் கேக்குறானா?" குரல் உயர்ந்துவிட்டது. இங்கே தோட்டத்தை விற்றபோது தொழிலாளர்களுக்கு வீடு தருவதாகச் சொன்ன கதைகளை அறிந்த மனிதர். விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம் நம் பேராக்கின் கிரிக் சாலைக்குப் பேச்சுத் தாவியது. 1982-இல் காட்டுக்குள் திறந்த சாலை அது. 2025 மே மாதம், அன்னையர் தினத்தன்று, அங்கே லோரி மோதி யானைக்குட்டி செத்தது. தாய் அந்த லோரியை விட்டு நகராமல் நின்றதை நாடே பார்த்தது. மாமா அந்த வழியில் இரவு லோரி ஓட்டியவர். யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, தள்ளியே நிறுத்திவிடுவாராம். "நம்மகிட்ட பிரேக் இருக்கு. அதுக்கு என்ன இருக்கு?"

மறுபடி அரிசோனாவுக்கு வந்தோம். ஐ-11-க்கு 2021-இல் முதற்கட்ட ஒப்புதல் கொடுத்தபோது இரண்டு பாதைகளையுமே விட்டுவைத்தார்கள். மறு வருடமே சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. மற்றப் பாதை, ஏற்கெனவே ஓடும் ஐ-19, ஐ-10 சாலைகளையே பயன்படுத்துவது.

"அப்ப அதையே அகலமாக்க வேண்டியதுதானே?"

அது டூசான் நகருக்குள் போகிறது, பழைய குடியிருப்புகளை ஒட்டி. அங்கேயும் எதிர்ப்பு உண்டு என்றேன். சரி, ஆனாலும் நான் அந்தப் பக்கந்தான்; ஏற்கெனவே தார் போட்ட இடம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டு வாசல்ல ராத்திரி பூரா லோரி போனா தெரியும் உனக்கு. ரெண்டும் வேணாம்னு சொல்லச் சொல்லு தங்கச்சிய."