இஷாப்பூர் துப்பாக்கி ஒன்று ஒஹாயோவுக்கு வந்த வழி

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பதற்கென்றே மத்திய அரசு தனி உரிமம் தருகிறது. மூன்று ஆண்டுகளுக்குக் கட்டணம் 30 டாலர். கொலம்பஸ் நகரில் ஒரு குடும்பம் தோசை சாப்பிட்டு எழுந்தால் இதைவிட அதிகம் ஆகும். அந்த உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு துப்பாக்கி தேடக் கிளம்பும்போதுதான் தலை சுற்றுகிறது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வகை. மேற்கு வங்கத்தில் கொல்கத்தாவுக்கு வடக்கே இருக்கும் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 1960களில் செய்த 2ஏ1 ரைஃபிள். கல்லூரியில் என்.சி.சி. அணிவகுப்புக்கு எங்களுக்குத் தந்த .303 துப்பாக்கிகளிலும் அதே தொழிற்சாலையின் முத்திரை இருந்தது. அவை சுட முடியாதபடி முடக்கப்பட்டவை. தோளை நோகடித்தது எடை மட்டும்தான். ஆனால் அந்த வடிவத்தின் மீது வந்த ஆசை போகவில்லை. இந்தியாவில் அந்த ஆசைக்கு வழி கிடையாது. அங்கே .303, 2ஏ1க்கு உரிய 7.62 இரண்டுமே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட தோட்டா அளவுகள். இந்தியத் தொழிலாளி செய்த துப்பாக்கியை இந்தியாவில் இருக்கும் ஒருவர் சேகரிக்க முடியாது, ஒஹாயோவில் இருக்கும் நான் சேகரிக்கலாம்!

இங்கே இருக்கும் தமிழர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, துப்பாக்கியை வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடையில்லை. சேகரிப்பாளர் உரிமத்துக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ இருப்பவர்கள் என் அனுபவத்தை அப்படியே பின்பற்றக் கூடாது.

விண்ணப்பம் எளிது. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும், ஏ.டி.எஃப். என்று எல்லோரும் அழைக்கும் மத்தியத் துறையின் படிவத்தை நிரப்பி, கட்டணத்தோடு அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை உள்ளூர்க் காவல்துறைத் தலைவருக்கும் அனுப்ப வேண்டும். அவரிடம் அனுமதி கேட்பதில்லை, தெரிவிக்கிறோம், அவ்வளவுதான். காவல் நிலையத்துக்குத் துப்பாக்கி பற்றிக் கடிதம் போடுவதில் என் மனைவிக்குத் துளியும் சம்மதமில்லை. "நீங்களே போய் மாட்டிக்கொள்கிறீர்கள்" என்றாள். சட்டம் வகுத்த 60 நாள் கெடுவுக்குள்ளேயே உரிமம் தபாலில் வந்துவிட்டது.

இந்த உரிமம் இருந்தால், 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத துப்பாக்கிகளை எந்த மாநிலத்திலிருந்தும் நேரடியாக வீட்டுக்கே வரவழைக்கலாம். இல்லாவிட்டால் வெளிமாநிலத் துப்பாக்கி உள்ளூர் வியாபாரி ஒருவர் வழியாகத்தான் வர வேண்டும். அவருக்குத் தனிக் கட்டணம். ஆனால் இது வியாபார உரிமம் அல்ல. லாபத்துக்காக வாங்கி விற்பதைத் தொழிலாக்கினால் உரிமமும் போகும், வழக்கும் வரும். வாங்கிய ஒவ்வொன்றையும் மறுநாள் அலுவல் நேரம் முடிவதற்குள் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். தயாரிப்பு, வகை, வரிசை எண், யாரிடமிருந்து வந்தது, என்றைக்கு வந்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏ.டி.எஃப். ஆண்டுக்கு ஒரு முறை அதைப் பரிசோதிக்கலாம். வீட்டுக்கு அதிகாரிகள் வருவது பிடிக்காவிட்டால், பதிவேட்டையும் துப்பாக்கிகளையும் அவர்கள் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று காட்டவும் சட்டம் இடம் தருகிறது.

அடுத்தது விலை. துப்பாக்கிக் கண்காட்சிகளில் மேசை மேசையாக நடந்தபோது எங்கும் காதில் விழுந்தது ஒரே புலம்பல்தான். "மோசின் நாகனை நூறு டாலருக்குள் வாங்கினேன். இன்று பார்!" சோவியத் ராணுவத்தின் அந்தத் துப்பாக்கி கோடிக்கணக்கில் செய்யப்பட்டது. 2000களின் இறுதியில் விளையாட்டுப் பொருள் கடைகளில்கூட அடுக்கி வைத்திருப்பார்கள். இன்று நல்ல நிலையில் இருப்பதற்கு 400 டாலர் கேட்பது சாதாரணம். சுவிட்சர்லாந்தின் கே31 இன்னும் மோசம். தோளில் வைக்கும் மரப் பகுதியான பின்கட்டையின் அடித்தகட்டைக் கழற்றினால், அதை வைத்திருந்த ராணுவ வீரரின் பெயர், முகவரி எழுதிய சிறு சீட்டு சில நேரங்களில் உள்ளே கிடைக்கும். அந்தச் சீட்டுக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்களைப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்கலாம். நானும் அந்த வரிசையில் நிற்பவன்தான் என்பதால் சிரிக்கவில்லை.

இந்த விலையேற்றத்துக்கு வேட்கையைவிடப் பெரிய காரணம் வரத்து நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் பழைய துப்பாக்கிகளை மலிவாகத் தள்ளிவிட்டன. அமெரிக்காவில் அவை தபாலிலேயே வந்து சேர்ந்தன. கென்னடியைச் சுட்ட இத்தாலிய கார்கானோ அப்படி வந்ததுதான். 1963இல் தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலர், தபால் செலவு தனி. அதன் எதிரொலியாக 1968இல் வந்த சட்டம் தபால் விற்பனையோடு ராணுவ உபரியின் இறக்குமதியையும் அடைத்தது. 1984இல் சேகரிப்புக்குரிய பழைய துப்பாக்கிகளுக்கு மட்டும் கதவு திறந்தது. சோவியத் முகாம் உடைந்ததும் அந்த வழியாக வெள்ளம்போல் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக வாசல்கள் மூடின. 1994இல் சீனத் துப்பாக்கிகள் தடுக்கப்பட்டன. 2013இல், தென்கொரியாவுக்கு அமெரிக்கா கொடுத்திருந்த எம்1 கராண்ட் என்ற ராணுவ ரைஃபிள்கள் போன்றவை தனியார் வழியாகத் திரும்பி வருவதை அரசு மறுத்தது. 2021இல் ரஷ்யத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் புதிய இறக்குமதி அனுமதி நிறுத்தப்பட்டது. பல நாடுகள் உபரியை விற்பதற்குப் பதில் உருக்கியே விட்டன. 2020 பெருந்தொற்றின்போது அமெரிக்கர்கள் துப்பாக்கிக் கடைகளைக் காலி செய்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மலிவாகக் கிடைத்த காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இவற்றின் கட்டையை அறுத்து, குழலைக் குறைத்து, மான் வேட்டைக்கு ஏற்ற துப்பாக்கிகளாக மாற்றிவிட்டார்கள். மிச்சமிருக்கும் வெட்டாதவற்றுக்குத்தான் இன்று போட்டி.

2ஏ1 தேடலில் இது எனக்கு நேராகவே தட்டுப்பட்டது. முதலில் கண்ணில் பட்டது இணையத்தில் ஒரு விற்பனையாளர் வைத்திருந்தது. "காட்டுப் போருக்கான அரிய குட்டை வகை" என்று விளம்பரம், முழு நீளத் துப்பாக்கியைவிட அதிக விலை. இந்திய ராணுவத்தில் அப்படியொரு 2ஏ1 கிடையாது. முழு நீளத் துப்பாக்கிகளை அமெரிக்காவில் இறக்கிய பிறகு வெட்டிச் செய்த வேலை அது. மூல வடிவம் மாறிவிட்டதால் சேகரிப்பு வகைக்குள்ளும் வராது. என் உரிமத்தைக் கொண்டு அதை வாங்கவே முடியாது. விற்பனையாளருக்கு இதை விளக்கி எழுதினேன். விளம்பரத்தில் "அரிய" என்பதற்கு முன்னால் "மிக" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்.

ஈரி ஏரிக் கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரிக்கும் போனேன். 1907 முதல் தேசியத் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் நடக்கும் இடம். அரசு ஒப்படைத்த கராண்டுகளை சி.எம்.பி. என்ற அமைப்பு குடிமக்களுக்கு விற்கிறது. தரவாரியாகப் பிரித்து அடுக்கிய ரைஃபிள்களை வரிசையாகப் பார்ப்பதே ஒரு படிப்பு. அங்கே நான் எதுவும் வாங்கவில்லை. ஆனால் குழலின் உள்ளே ஒளி பாய்ச்சிச் சுருள்வரிகளின் கூர்மையைப் பார்ப்பது எப்படி, கட்டையில் இருக்கும் பரிசோதனை முத்திரை பிற்காலத்தில் அடித்ததா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று அங்கே வந்திருந்த முதியவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

கடைசியில் என் துப்பாக்கி கிடைத்தது பக்கத்து மாநிலமான இந்தியானாவில், ஓய்வு பெற்ற ஒரு சேகரிப்பாளரிடம். தொலைபேசியில் அவர் முதலில் கேட்டது, "சுடுவதற்கா, வைத்திருப்பதற்கா?" இரண்டுக்கும் என்றேன். "அப்படியானால் புகைப்படத்தை நம்பாதீர்கள், வந்து பாருங்கள்" என்றார். விற்கும் அவசரம் இல்லாத மனிதர்.

அவர் வீட்டு மேசையில் அரைநாள் போனது. பின்கட்டை இணையும் இரும்புப் பகுதியில் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளும் 1967 என்ற ஆண்டும் இருந்தன. உடலில் இருந்த எண்ணும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் இருந்த எண்ணும் ஒன்றே. இது முக்கியம். இறக்குமதியின்போது போல்ட்டுகளைத் தனியே குவித்து, பிறகு கைக்கு வந்ததைப் பொருத்திய துப்பாக்கிகள் ஏராளம். எண் பொருந்தாவிட்டால் விலையும் இறங்கும், பாதுகாப்பும் சந்தேகம். முன்கட்டையில் மரம் பிளக்காமல் இருக்கக் குறுக்கே போட்ட அந்த இஷாப்பூர்த் திருகும், சதுர வடிவில் 12 தோட்டா பிடிக்கும் பெட்டியும் இடத்தில் இருந்தன. குழலில் இறக்குமதியாளரின் முத்திரை, வெர்மான்ட் மாநிலத்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ப் பெயரின் சுருக்கத்தோடு, மெல்லிய எழுத்தில் இருந்தது. எல்லாம் அசலாகவே இருக்க வேண்டும் என்னும் சேகரிப்பாளர்களுக்கு அந்த முத்திரை பிடிக்காது. அதனால் விலை சற்று இறங்கியது எனக்கு நல்லதாகப் போயிற்று.

இவை பழைய .303ஐத் திருத்திச் செய்தவை என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அப்படியல்ல. 1962 சீனப் போரை ஒட்டிய காலத்தில், ராணுவம் 7.62 தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, வலுவான எஃகில் புதிதாகவே செய்யப்பட்டவை. முதலில் வந்த 2ஏ வகையில், குறிபார்க்கப் பயன்படும் பின்குறி 2,000 மீட்டர் வரை அளவிடப்பட்டிருந்தது. 2ஏ1இல் அதை 800ஆகக் குறைத்தார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்பவனை வெறுங்கண்ணால் குறிபார்ப்பது யார்?

விலை பேசினோம். அவர் கேட்டது 700. முத்திரையைக் காட்டினேன், கட்டையில் இருந்த வெடிப்பைக் காட்டினேன், என்.சி.சி. கதையையும் சொன்னேன். 620இல் முடிந்தது. கதைக்குத்தான் பாதி தள்ளுபடி என்று நினைக்கிறேன். கையொப்பமிட்ட உரிமப் பிரதியை அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பதிவேட்டில் முதல் வரியை எழுதினேன். பிறகு துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்தேன். மரத்தின் துளைகளில் ஊறிப்போயிருந்த பழுப்பு மசகு எண்ணெய் வெயிலில் வைத்தால் வியர்வைபோல் கசிந்துகொண்டே இருந்தது. மணல்தாள் போட்டு மரத்தைப் பளபளப்பாக்கச் சொன்ன நண்பரைக் கெஞ்சித் தடுத்தேன். தேய்த்தால் முத்திரைகள் போகும், அவற்றோடு விலையில் நல்லதொரு பங்கும் போகும். சுடுவதற்கு முன் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, தோட்டா அமரும் இடைவெளியை அளவுகோல் வைத்துச் சோதித்தேன். கடையில் கிடைக்கும், ஏறக்குறைய 7.62 அளவே உள்ள .308 தோட்டாவை இதில் போடலாமா என்பதில் பெரியவர்களிடையே ஓயாத சண்டை. நான் ராணுவ அளவிலான 7.62 மட்டும்தான் போடுகிறேன்.

வீட்டில் இரும்பு அலமாரி, போல்ட் தனியாக வேறொரு பூட்டுக்குள். காப்பீட்டு முகவரிடமும் பேசிவிடுவது நல்லது. என் வீட்டுக் காப்பீட்டில் துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறது. இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால் அது போதாது.

2020 குடியரசு தினத்தன்று உத்தரப் பிரதேசக் காவல்துறை .303 துப்பாக்கிகளுக்கு விடைகொடுத்தபோது, அவையெல்லாம் இங்கே வருமா என்று இந்தியானாக்காரரும் அவருடைய நண்பர்களும் ஆவலாகப் பேசிக்கொண்டார்களாம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வந்தாலும் மலிவாக இருக்காது. விடுதலைக்கு முந்தைய கிரீட முத்திரையோடு இஷாப்பூர் .303 ஒன்றை அவரே வைத்திருக்கிறார். எண்கள் பொருந்துகின்றன, கட்டை அசல். கேட்கும் விலை 950. நான் 800க்கு மேல் போவதாக இல்லை. அவரும் இறங்குவதாக இல்லை.