மாடியில் உருளைக்கிழங்கு: மூன்றாவது முறை

நேற்று உருளைக்கிழங்கு நட்ட மூன்று பைகளைக் கவிழ்த்தேன். 1 கிலோ 350 கிராம்! கோயம்புத்தூரில், மொட்டை மாடியில். "அது மலைப்பயிருங்க, இங்க வராது" என்று சொன்ன பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு பங்கு கொடுத்தாயிற்று.

முந்தைய இரண்டு முறையும் தழை மட்டும்தான். போன வருடம் மாசியில் நட்டது முழங்கால் உயரத்துக்குச் செழித்தது. தோண்டினால் கோலிக்குண்டு அளவில் நான்கு. உரம் போதவில்லை என்று நினைத்தேன். காரணம் இரவின் சூடு. அது 20 டிகிரியைத் தாண்டத் தாண்ட, சத்து கிழங்குக்கு இறங்காமல் தழைக்கே போய்விடுகிறது. இங்கே இரவு அந்த அளவுக்குக் குளிர்வது கார்த்திகைக் கடைசி முதல் தை வரைதான். நட்டு 35, 40 நாளில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஐப்பசிக் கடைசியில் நட்டாக வேண்டும்.

அந்த நாளில் விதைக்கிழங்கு முளை விட்டு விழித்திருக்க வேண்டுமே! இதில்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். மேட்டுப்பாளையம் மண்டியில் புரட்டாசியில் வாங்கிய ஊட்டிக் கிழங்கு புது அறுவடை. அதனால் இரண்டு மாதத்துக்கு மேல் கண் திறக்கவே இல்லை. ஆக்ரா கிழங்கு மாசி, பங்குனியில் எடுத்து குளிர்பதனக் கிடங்கில் இருந்தது. வெளியே வைத்த இரண்டே வாரத்தில் முளைத்தது. (முளைப்பைத் தடுக்கும் மருந்து அடித்த கிழங்கு மாட்டிக்கொண்டால் இது நடக்காது. நான்கைந்து கடையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.)

முளைகட்ட சாக்கில் போடாதீர்கள். இருட்டில் வெள்ளையாக நூல்போல நீளும், நடும்போது ஒடியும். முட்டை அட்டையில், கண்கள் நெருக்கமாக உள்ள முனை மேலே வருமாறு அடுக்கி, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தேன். 18 நாளில் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், ஊதாப் பச்சையில், குட்டையாக உறுதியான முளை. நடும்போது ஒன்றுகூட ஒடியவில்லை. வெட்டவும் இல்லை, ஐப்பசி மழையில் வெட்டுக்கிழங்கு அழுகும். முட்டை அளவில், 40 முதல் 50 கிராம் முழுக்கிழங்குதான். இணையத்தில் அதிக விலைக்கு வாங்கிய 'சான்று விதை' பாதி அழுகித்தான் வந்து சேர்ந்தது. காசும் திரும்பவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

நேற்று கவிழ்த்தவை ஆக்ரா கிழங்குப் பைகள். கார்த்திகைக் கடைசியில் நட்ட ஊட்டிக் கிழங்குப் பைகள் மூன்றும் இன்னும் பச்சையாக நிற்கின்றன. தழை பழுக்கட்டும். அடுத்த முறை ஊட்டிக் கிழங்கை ஆடியிலேயே வாங்கிவிடுவேன். ஊட்டி அருகே முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் குப்ரி ஜோதி ரக விதை சில்லறையாகக் கிடைக்குமா என்றும் நேரில் போய்க் கேட்க வேண்டும். அப்புறம், பை இன்னும் பத்து வாங்க வேண்டும்.