எந்த மடை வழியா, டீச்சர்?

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கடல் இங்கிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம். வகுப்பில் கடலைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர்தான். அதுவும் ராமேசுவரத்துக்குத் திதி கொடுக்கப் போன பெரியவர்களோடு ஒட்டிக்கொண்டு போனது.

அவர்களிடம்தான், கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் தேங்கி நிற்கும் ஓதக் குட்டைகளைப் பற்றிச் சொல்ல ஆசைப்பட்டேன். "கடல் தண்ணி தினம் ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும்" என்று ஆரம்பித்ததுமே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எந்த மடை வழியா டீச்சர் போகுது? யாரு தொறந்து விடுவாங்க?"

சிரித்துவிட்டேன். அப்புறம் வெட்கமாக இருந்தது. கண்மாய்க்கரையில் வளர்கிற பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? நிலா இழுக்கிறது என்றேன். "அப்ப எங்க கண்மாய மட்டும் ஏன் இழுக்கல?" என்றாள் இன்னொருத்தி. கண்மாய் ரொம்பச் சின்னது, கடல் உலகத்தையே சுற்றிக் கிடக்கிறது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் வீட்டிலிருந்து அகலமான அலுமினியச் சட்டி ஒன்றைக் கொண்டுபோனேன். கல்லுக்கு எங்கள் பக்கம் பஞ்சமா? குவாரியில் உடைந்து கிடந்த கிரானைட் துண்டுகளில் குழிவானவையாகப் பார்த்து அடுக்கி, தண்ணீர் ஊற்றி, சட்டியைச் சாய்த்தேன். தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்க, கல்லின் குழியில் மட்டும் கொஞ்சம் நின்றது. "ஐ, கண்மாய் வத்துனா இப்படித்தான் டீச்சர்!"

சிக்கலும் அங்கேதான் இருந்தது. கண்மாய் வற்றினால் இங்கே மீன்பிடித் திருவிழா. கச்சா, ஊத்தா, வலை என்று ஊரே இறங்கும். குட்டையில் சிக்கிய கெண்டை எப்படியும் காய்ந்து சாகப்போகிறது, அள்ளுவதில் தப்பே இல்லை. குட்டையைக் கண்டால் கை தானாக நீளும் பிள்ளைகள் இவர்கள். பாறைக் குட்டையில் இருப்பவை சிக்கிக்கொண்டவை இல்லை, அங்கேயே குடியிருப்பவை என்பதை எப்படிப் புரியவைப்பது? ஆறு மணி நேரம் போனால் கடல் திரும்ப ஏறிவிடும். அதுவரை, தண்ணீர் வடிந்த பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்ற சின்ன ஓட்டுப் பிராணி தன் ஓட்டை இறுக்க மூடிக்கொள்ளும். பூப்போல இருக்கும் கடல் சாமந்தி என்ற பிராணியும் தன் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும். சரி, விளையாட்டாக்கிவிடலாம் என்று, "வத்தம்" என்றால் சுருண்டு உட்கார வேண்டும், "ஏத்தம்" என்றால் கையை விரித்து ஆட்ட வேண்டும் என்றேன். ஒரு வாரம் வகுப்பில் இதே கூத்துதான்.

பிறகு ராமேசுவரத்துக்கு முன்னாலுள்ள மண்டபம் ஊர்க் கடற்கரைக்கு ஒரு நாள் பயணம். அதிகாலையில் கிளம்பி ஒன்பது மணிக்குப் போய் இறங்கினால், குட்டையையும் காணோம், பாறையையும் காணோம். கரை முட்டத் தண்ணீர். வத்தம் எப்போது என்று பார்க்காமல் டீச்சர் வந்திருக்கிறாள்! ஒவ்வொரு நாளும் அது ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்று பாடம் நடத்தியவளே நான்தான். கடல்பாசி எடுக்கும் ஓர் அக்காதான், "மத்தியானத்துக்கு மேல வாம்மா" என்றார். மணலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்று காத்திருந்தோம்.

மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இல்லை. அதனால் குட்டைகளும் கணுக்கால் ஆழம்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே தோதான உயரம். சங்கு ஒன்று நடந்ததும் ஒரே கூச்சல். உள்ளே இருப்பது துறவி நண்டு, உடம்பின் பின்பாதி மெத்தென்று இருப்பதால் காலிச் சங்கில் புகுந்துகொள்கிறது, வளர வளரப் பெரிய சங்காகப் பார்த்துக் குடிமாறும் என்றேன். "வாடகை உண்டா?" என்றான் ஒருவன்.

மடையைக் கேட்ட அதே பையன், ஒரு நண்டைச் சாப்பாட்டு டப்பாவில் பிடித்து வைத்திருந்தான். "பாவம் டீச்சர், தண்ணி வத்தி செத்துரும். கடல்ல விடப் போறேன்." திட்ட வாய் வரவில்லை. திரும்ப விட்டுவிட்டுத் தண்ணீர் வருகிறதா என்று நீயே பார் என்றேன். குட்டை ஓரத்தில் குத்தவைத்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும்.

டிரைவர் அண்ணன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். நாலு மணி வாக்கில் முதல் அலை குட்டைக்குள் வந்து விழும்வரை ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.