வெள்ளிக்கிழமை மதிய போன்

வெள்ளிக்கிழமை சூரியன் அடைவதற்கு 18 நிமிடம் முன்னால் விளக்கேற்றிவிட வேண்டும். அதன்பிறகு சனிக்கிழமை இருட்டும்வரை போனைத் தொடக் கூடாது. அந்த ஓய்வு நாளுக்குப் பெயர் ஷாபஸ். அதனால் மத விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்கும் புரூக்ளின் ஆர்த்தடாக்ஸ் யூத வீடுகளில் வெள்ளி மதியமே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு "குட் ஷாபஸ்" சொல்லிவிடுவார்கள். என் துணைவனுக்கு அம்மாவிடமிருந்து அந்த போன் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் இரண்டு ஆண்களும் சேர்ந்து வாழ்வதை வீட்டில் சொன்ன வாரத்தோடு நின்றுபோனது. (என் திருநெல்வேலி வீட்டுக் கதை வேறு, அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.)

அவனுக்குத் தூக்கம் கெட்டது யோம் கிப்பூர் என்கிற யூதர்களின் பாவமன்னிப்பு நோன்பு நாள் நெருங்கும்போது. அன்று 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. பிற்பகலில் ஜெபக் கூடத்தில் வாசிக்கப்படுவது வேதத்தின் லேவியராகமம் 18ஆம் அதிகாரம். ஆணோடு ஆண் கூடுவதை அருவருப்பு என்கிற வசனம் அதில்தான் வருகிறது. பையனாக இருந்த காலத்திலிருந்து வருஷா வருஷம், வெறும் வயிற்றோடு, அப்பா பக்கத்தில் நின்று அதைக் கேட்டவன். அப்பாவின் ஜெபச் சால்வைக் குஞ்சத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பானாம். இப்போதும் பதற்றம் வந்தால் சட்டை நுனிதான் அந்தக் குஞ்சம்.

அவன் அண்ணன் ஒரு நம்பர் கொடுத்தார். "மாற்றிவிடுவார்" என்றார். தன்பால் ஈர்ப்பை 'மாற்றும்' இந்தச் சிகிச்சையை நடத்திய ஜோனா என்ற யூத அமைப்பு செய்தது நுகர்வோர் மோசடி என்று 2015இல் நியூ ஜெர்சி ஜூரி தீர்ப்புச் சொல்லியிருந்தது. நியூயார்க்கில் 2019இல் வந்த தடை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான். இவனுக்கு 31. சட்டம் காப்பாற்றாது, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்பரைக் கிழித்துப் போட்டோம்.

காப்பீட்டுப் பட்டியலில் இருந்த மனநல ஆலோசகர்கள் ஒன்பது பேருக்கு போன் போட்டேன். நேரம் கொடுத்தவர் ஒருவர்தான். இரண்டாவது சந்திப்பிலேயே அவர், "மதம்தானே பிரச்சினை, விட்டுவிட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறார். அவன் மறுபடி அங்கே போகவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அதுவரை அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஷாபஸும் வேண்டும், நானும் வேண்டும். இது எனக்குப் புரியவே நாளாயிற்று.

அடுத்து உதவி அமைப்புகளை விசாரித்ததில், ஃபுட்ஸ்டெப்ஸ் என்ற அமைப்பு தீவிர ஆர்த்தடாக்ஸ் சமூகத்தை விட்டு வருபவர்களுக்கானது. இவன் விட்டு வரவில்லை. பால்புதுமை (LGBTQ) யூத இளைஞர்களுக்காக ஜேக்யூஒய் அமைப்பு நடத்தும் கூடம் 13 முதல் 23 வயது வரை. கடைசியில் எஷெல். 2010இல் தொடங்கியது, ஆர்த்தடாக்ஸ் பால்புதுமையினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் என்றே இருப்பது, பெற்றோர்களுக்கும் தனியாகக் குழு உண்டு. அங்கே பேசிய பெண்மணி ஒரு யோசனை சொன்னார்: ஆலோசகரிடம் முதல் போனிலேயே, "ஷாபஸ் என்றால் என்னவென்று நான் உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டுத்தான் இப்போதைய ஆலோசகர் கிடைத்தார். ஏழு வாரம் காத்திருந்தோம். வருமானத்துக்குத் தக்க கட்டணம்.

அவர் முதலில் கையில் எடுத்தது யோம் கிப்பூர் பிற்பகலைத்தான். வாசிப்பு தொடங்குமுன் எழுந்து வெளியே போவது, எந்தத் தெரு வழியாக நடப்பது, எப்போது திரும்புவது என்று எல்லாவற்றையும் எழுதவைத்தார். விதிகளில் அத்தனை கறார் இல்லாத யூதச் சீர்திருத்தச் சபைகளில் அன்று அதற்குப் பதில் 19ஆம் அதிகாரம் வாசிப்பார்கள் என்பதையும் சொன்னார். "அது எங்கள் வழக்கம் இல்லை" என்றான் இவன். அவர் வற்புறுத்தவில்லை.

நான்தான் ஒரு வெள்ளி இரவு மன்ஹாட்டன் 30ஆம் தெருவில் இருக்கும் பெய்த் சிம்காத் தோரா சபைக்கு இழுத்துப்போனேன். பால்புதுமையினர் 1973இல் தொடங்கிய சபை. பியானோ கேட்டதும் முகம் சுளித்தான். அவன் வளர்ந்த இடத்தில் ஷாபஸில் வாத்தியம் கூடாது. வீட்டுக்கு வரும் வழியில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "எங்கள் ஆட்களில் வயதானவர்களை இன்றைக்குத்தான் பார்த்தேன்."

இதற்கிடையே ஒரு சித்தி எஷெல் பெற்றோர் குழு நம்பரை அவன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அம்மா பேசினாரா என்று நாங்கள் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து, டிசம்பர் மாதம், மணி நாலாகப் போகிறது, இருட்டிக்கொண்டு வருகிறது, போன் அடித்தது. அரை நிமிடம்தான். குட் ஷாபஸ். அப்புறம் ஒரு கேள்வி. வைத்துவிட்டார்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"நம்ம வீட்ல பால் பாத்திரமும் கறிப் பாத்திரமும் தனித்தனியா இருக்கான்னு."

பாலும் கறியும் கலக்கக் கூடாது என்பது அவர்கள் உணவு விதி. நான் சைவம், வீட்டில் கறியே வருவதில்லை. ஆனால் அவன் அதற்குள் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.