அப்பாவும் அரைஞாண் கயிறும்

எங்கள் அப்பா பத்திரம் எழுதுகிறவர். வயது 74. சார்பதிவாளர் அலுவலகப் பக்கம் ஒரு நடை போய் வராவிட்டால் மத்தியானம் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் இடுப்பில் வந்த படர்தாமரையைக்கூட நாலெல்லை போட்டுத்தான் சொல்வார். "வடக்க தொப்புள், தெக்க தொடை, கிழக்கயும் மேக்கயும் இடுப்பு மடிப்பு. இதுக்கு உட்பட்ட இடம் பூரா அரிக்குலே."

சொல்லிக்கொண்டே வேட்டியைச் சரிசெய்வார். வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் சொறிவதில் அவருக்குத் தனித் தேர்ச்சி உண்டு. கல்யாண வீடுகளில் திடீரென்று தூண் மறைவுக்குப் போய் வேட்டியை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு பரம திருப்தியோடு திரும்புவார். பார்க்கிறவர்கள் மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மருந்துக்குத் தெருமுனை மெடிக்கல் இருக்கிறது. சீட்டு கேட்கிற கெட்ட பழக்கம் கடைக்காரருக்குக் கிடையாது. "அண்ணாச்சி, ராத்திரி போட்டுட்டுப் படுங்க, பஞ்சாய்ப் பறந்துரும்" என்று ஒரு சின்ன டியூபை எடுத்துக் கொடுப்பார். சொன்னபடியே பறந்தும் விடும். ரெண்டு நாளில் சிவப்பு அடங்கும், அரிப்பு நிற்கும், "எம்.டி. படிச்சவன்லாம் இவன்ட்ட பிச்சை வாங்கணும்" என்று அப்பா கடைக்காரருக்குப் பட்டம் கொடுப்பார். டியூப் தீர்ந்த கொஞ்ச நாளில் தெற்கு எல்லை முழங்காலைப் பார்த்து நகர ஆரம்பிக்கும். திரும்ப டியூப். இப்படியே ரெண்டு சித்திரை போய்விட்டது.

நடுவில் நாட்டு வைத்தியமும் நடந்தது. சித்தி சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து டப்பாவில் கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தாத்தா பூவரசங்காயைக் கல்லில் உரசி அந்த மஞ்சள் பாலைத் தடவச் சொன்னார். படர்தாமரை மஞ்சளானதோ இல்லையோ, வேட்டி மஞ்சளானது. அம்மா அந்த வேட்டியைக் கொடியில் காயப்போட மறுத்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துக் காயப்போட்டாள்.

ஆனால் இது ஏன் போக மாட்டேன் என்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. அப்பாவுக்குக் காலையில் குறுக்குத்துறையில் தாமிரபரணிக் குளியல். குளித்து, முருகனைக் கும்பிட்டு, ஈர வேட்டியோடே சைக்கிளில் வீடு வருவார். துணி உடம்பிலேயே காய்ந்துவிடும். ஈரத் துண்டு தோளில். அந்தத் துண்டில்தான் வீட்டில் எல்லாரும் கை துடைப்பது.

கடைசியில் என் மகன் கழுத்தில் ஒரு வட்டம் வந்தது. ஓரம் தடித்துச் சிவந்து, நடு வெளிறி, அச்சு அசல் தாத்தா சொத்து. என் மனைவி மாமனாரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து வீட்டிலுள்ள துண்டுகளில் எல்லாம் ஆளாளுக்குப் பெயர் எழுதினாள், அவ்வளவுதான். மறுநாள் காலை தன் பெயர் போட்ட துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அப்பா, "தோல் டாக்டர் எங்கலே இருக்காரு?" என்றார்.

தோல் டாக்டர் பெண். அதுவும் என் தங்கை வயது. கதவைத் திறந்த அப்பா பெயர்ப்பலகையை இன்னொரு தடவை படித்தார். உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, முழங்கையைக் காட்டினார். முழங்கையில் ஒன்றுமே இல்லை.

டாக்டர் இதெல்லாம் பார்த்தவர் போல. "சரி ஐயா, காலைக் காட்டுங்க" என்றார். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், வெள்ளையாக ஊறிப் போயிருந்தது. குனிந்து விரலிடுக்கைத் துடைக்க முடியாமல் அப்பா அதை விட்டே பல வருஷம் ஆகிறது. "டிராயரை மாட்டுறப்ப இங்க உரசிட்டுத்தானே மேல போகுது? கிருமியும் கூடவே ஏறிரும். அப்ப மேலயும் இருக்கும். திரைக்குப் பின்னால வாங்க" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அப்பாவின் குரல் கேட்டது: "வடக்க தொப்புள்…"

டியூபைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, மூன்றையும் கலந்து அடைத்த கிரீம் அது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அமுக்கிவிடுகிறது. சிவப்பும் அரிப்பும் நம் உடம்பு சண்டை போடுவதால் வருவது. சண்டை நின்றதும் குணமாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம், பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. போதாக்குறைக்குத் தோலும் மெலிந்து வரி விழுந்துவிடும். அப்பாவின் தொடையில் அந்த வரிகள் இருந்தன. "சீட்டில்லாம இதைக் கொடுக்கவே கூடாது ஐயா" என்றார் டாக்டர். அப்பா, எம்.டி. பட்டம் கொடுத்த வாயை மூடிக்கொண்டார்.

வட்டத்தின் ஓரத்தைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். கிளை விட்ட நூல் நூலாகத் தெரிந்தது. இப்போது நம் நாட்டில் பரவிக் கிடக்கும் பூஞ்சைக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயராம். ஜப்பானில் ஓர் இந்தியரிடமிருந்தும் ஒரு நேபாளியிடமிருந்தும் எடுத்த கிருமியை ஆராய்ந்து 2020-ல் அங்குள்ளவர்கள் வைத்த பெயர். வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினஃபின் மாத்திரை பலருக்கு இதில் எடுபடுவதில்லை. "பேர்லயே இந்தியா இருக்கோ?" என்று அப்பா கேட்டதில் லேசான பெருமிதம் இருந்தது என்று சத்தியம் செய்வேன்.

வயசானவர் என்பதால் மாத்திரை எழுதுவதற்குள் ஒரு விசாரணையே நடந்தது. இட்ராகோனசோல் கொடுக்க வேண்டும். இதயம் பலவீனமாக இருந்தால் ஆகாது, ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். அப்பா தான் போடும் மாத்திரைகள் இருந்த மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார். கேஸ் மாத்திரை போட்டால் இது உடம்பில் சரியாகச் சேராது. கொழுப்பு மாத்திரையோடு சேர்ந்தால் தசைக்குக் கெடுதல். சர்க்கரை டாக்டருக்குப் போன் போட்டுப் பேசி, இரண்டையும் இந்த மருந்து முடியும்வரை நிறுத்தினார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு 9-ஐத் தாண்டியிருந்தது. படர்தாமரைக்கு அதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்? திருநெல்வேலியில் இருந்துகொண்டு அல்வாவை விடச் சொன்னால் எப்படி என்று அப்பா முனகினார். மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டதும் போட வேண்டும் என்றதும் முகம் தெளிந்தது.

பூசுவதற்கு ஸ்டீராய்டு இல்லாத வேறு கிரீம். தெரிகிற இடத்தில் மட்டுமல்ல, எல்லைக்கு வெளியே 2 செ.மீ. சேர்த்துப் பூச வேண்டும். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடக் கூடாது. "அதாவது, எல்லை தாண்டி அனுபவிச்சுக்கிடலாம்" என்றார் அப்பா. டாக்டருக்குப் புரியவில்லை.

அதுவரை சுமுகம். அடுத்து டாக்டர், "இந்த அரைஞாண் கயிறை எடுத்துருங்க" என்றார்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "தாயி, உசுரு போனப்புறம்தான் இதை அறுப்பாவ."

கயிறு குளித்தால் நனையும், காய்வதே இல்லை, கிருமிக்கு நிரந்தர வாடகை வீடு என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். அப்பா அசையவில்லை. அப்புறம் டாக்டரே வழி சொன்னார்: "வெள்ளியில கொடி வாங்கிப் போட்டுக்கோங்க. குளிச்சதும் துடைச்சிரலாம்." வெள்ளி விற்கிற விலை அப்பாவுக்குத் தெரியும். டாக்டர் பீஸையே பேரம் பேச நினைத்த மனிதர் அவர். ஆனால் என் மகன் கழுத்து வட்டம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், "சரி" என்றார்.

கயிறு அறுத்த வைபவம் வீட்டில் நடந்தது. இடுப்பு ஒரு விநாடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு. முதலில் வெள்ளிக் கொடியை மாட்டி, பிறகுதான் கத்தரிக்கோல். கறுப்புக் கயிறு பல வருஷ முகப்பவுடரும் சோப்பும் ஏறி விறைத்துக் கிடந்தது. அதில் ஒரு தாயத்து, மூன்று ஊக்கு, பல்குத்தி, பீரோவின் தொலைந்து போன சாவி. அந்தச் சாவிக்காக அம்மா வேலைக்காரம்மாவைச் சந்தேகப்பட்டு, ஆசாரியைக் கூப்பிட்டுப் பூட்டையே மாற்றியிருந்தாள். அன்று இரவு அப்பாவுக்குப் படர்தாமரை ஒரு பிரச்சினையாகவே இல்லை.

இப்போது குளியல் ஆற்றில்தான், ஆனால் பையில் காய்ந்த வேட்டி போகிறது. விரலிடுக்கைத் துடைக்கப் படித்துறைக் கல்லில் உட்கார்ந்துகொள்கிறார். அவர் துணிக்குத் தனி வாளி, வெந்நீர், உள்பக்கம் வெளியே தெரிய வெயில். பட்டாபட்டி டிராயரைத் தையல் ஓரம் பார்த்து இஸ்திரி போடச் சொன்னார் டாக்டர். தெருவில் வரும் இஸ்திரி வண்டியில் கொடுத்தால் மானம் போகும் என்று அம்மா சொல்லிவிட்டதால், முத்திரைத்தாளில் எழுதும் அதே கவனத்தோடு அப்பாவே போடுகிறார். மடிப்பு கலையாத டிராயர் டவுனில் வேறு யாரிடமும் இருக்காது.

தோல் தெளிந்துவிட்டது, மாத்திரை இன்னும் ஓடுகிறது. மகனுக்குக் கிரீமிலேயே போய்விட்டது. போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்க அப்பாவோடு மெடிக்கல் போயிருந்தேன். கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்து, என் காதில் விழாதபடி பேசுவதாக நினைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, அந்த டாக்டரம்மா உங்களுக்கு என்ன கிரீம் எழுதுனாங்க? எனக்கும் கொஞ்ச நாளா இடுப்புல…" என்று இழுத்தார்.

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "கிரீம் கெடக்கட்டும். மொதல்ல அந்தக் கயித்த அறும்வே."