உழைப்பாளர் கட்சி: பத்தொன்பது பேர் எங்கே போனார்கள்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எஸ். எஸ். ராமசாமி படையாட்சியாருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2019 நவம்பரில் திறந்தார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 16 அன்று அவர் பிறந்த நாளுக்கு அரசு விழாவும் உண்டு. ஆனால் அவர் நடத்திய கட்சியைப் பற்றிக் கேட்டால், "அது சாதிக் கட்சிங்க, காமராஜர் வந்ததும் காங்கிரஸ்ல கரைஞ்சுபோச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியில் பொய் இல்லை. எப்படிக் கரைந்தது, ஏன் அவ்வளவு சுலபமாகக் கரைந்தது என்பதுதான் அதில் இல்லை.

கட்சி தொடங்குவதற்கு முன்பே பலம் தெரிந்துவிட்டது. 1949-ல் தென்னாற்காடு ஜில்லா போர்டு தேர்தலில் வன்னியகுல க்ஷத்திரிய சங்கத்தினர், தாழ்த்தப்பட்டோர் வேட்பாளர்களோடும் சுயேச்சைகளோடும் சேர்ந்து நின்று, 52 இடத்தில் 22 பிடித்தார்கள். கொடியும் கிடையாது, மாநில அளவில் தலைமையும் கிடையாது. அப்படியும் காங்கிரஸை எதிர்த்து இவ்வளவு முடிந்தது. 1951-ல் கூடிய சங்க மாநாடு, உழைக்கும் மக்களோடு சேர்ந்து பொதுத்தேர்தலில் நிற்பது என்று முடிவெடுத்தது. அதிலிருந்து வந்த பெயர்தான் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி.

பெயரில் வர்க்கம், அடியில் சாதி. இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. தென்னாற்காட்டில் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையிலும் கரும்புக் கழனியிலும் பாடுபட்டவர்களில் பெரும்பங்கு வன்னியர் சமூகத்தாரும் தாழ்த்தப்பட்டவர்களும்தான். கேட்டது படிப்பு, அரசு வேலை, சட்டசபையில் இடம். இடதுசாரிக் கட்சி என்று அழைக்க அதற்குக் கொள்கைப் பத்திரம் போதாது. நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த குடியானவர் கட்சி என்றால் பொருந்தும்.

அதே சமயத்தில் வடாற்காடு, செங்கற்பட்டுப் பக்கம் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர் காமன்வீல் கட்சியைத் தொடங்கினார். தமிழில் எழுதுகிற பலர் இதைக் 'காமன்வெல்த்' ஆக்கிவிடுகிறார்கள். காமன்வீல் என்றால் பொதுநலம். பிரிட்டிஷ் காமன்வெல்த்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு கட்சிக்கும் அடித்தளம் ஒன்று, வட்டாரம் வேறு, தலைவர் வேறு. உழைப்பாளர் கட்சிக்குத் தென்னாற்காடும் சேலமும். ஒரே சங்கத்திலிருந்து இரண்டு கட்சி வந்ததே முதல் பலவீனம். பின்னால் காங்கிரஸ் இவர்களைத் தனித்தனியாக, இரண்டு வருட இடைவெளியில் அழைத்துக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

1952 தேர்தல் எப்படி நடந்தது என்று தெரியாமல் இந்த வெற்றி புரியாது. அப்போது வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டிமேல் சின்னம். மறைவுக்குள் போய் வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். சென்னை மாகாணத்தில் 309 தொகுதி, 375 உறுப்பினர். 66 தொகுதி இரட்டை உறுப்பினர் தொகுதி. அங்கே வாக்காளருக்கு இரண்டு ஓட்டு, இரண்டையும் ஒருவருக்கே போடக்கூடாது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய தொகுதியென்றால், அந்த வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு ஒதுக்கீட்டு இடம். மீதி எல்லாரிலும் முதலில் வருபவருக்குப் பொது இடம்.

இந்த முறையில் ஒரு சாதியின் ஓட்டு மட்டும் இருந்தால் பாதி வீண். இரண்டாவது ஓட்டு எங்கேயாவது போய்ச் சேரும், அது எதிராளிக்கே உதவவும் கூடும். தாழ்த்தப்பட்ட வேட்பாளரையும் தன் பக்கம் நிறுத்தி, "ரெண்டு சீட்டு, ரெண்டு பெட்டி" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்கும் கட்சிக்குத்தான் இரண்டு இடமும் கிடைக்கும். 1949 போர்டு தேர்தல் கூட்டு இங்கே கைகொடுத்தது. திண்டிவனம் மக்களவைத் தொகுதியின் இரண்டு இடத்தையும் உழைப்பாளர் கட்சியே வென்றதை இப்படித்தான் பார்க்க வேண்டும்.

தி.மு.க. அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. திராவிட நாடு கோரிக்கைக்குச் சட்டசபையில் குரல் கொடுப்போம் என்று கையெழுத்திட்டவர்களை ஆதரிப்பதாக அறிவித்தது. உழைப்பாளர், காமன்வீல் இரண்டுக்கும் அந்த ஆதரவு கிடைத்தது. கையெழுத்துக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பது 1954-ல் தெரிந்தது.

முடிவு: சட்டசபையில் உழைப்பாளர் கட்சி 19, காமன்வீல் 6. மக்களவையில் 4, 3. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் சொல்கிறேன். நாடு முழுக்கப் பெயர் பெற்ற சோஷலிஸ்ட் கட்சி அதே சட்டசபையில் வாங்கியது 13. பரவிக் கிடக்கும் ஓட்டு இடமாக மாறாது, ஒரே வட்டாரத்தில் குவிந்த ஓட்டு மாறும்.

அடுத்து நடந்தது முழுக்கக் கணக்கு. பெரும்பான்மைக்கு 188 வேண்டும். காங்கிரஸிடம் 152, அதாவது 36 குறைவு. ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் காங்கிரஸ் அல்லாதார் 166 பேரோடு முன்னணி கட்டி ஆட்சி கேட்டார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியைக் கூப்பிட்டார். ராஜாஜி முதலில் எடுத்தது சின்னக் கட்சியை: மாணிக்கவேலு நாயக்கருக்கு மந்திரி பதவி. 1952 ஜூலை 3 நம்பிக்கை வாக்கெடுப்பில் ராஜாஜிக்கு 200, எதிராக 151. படையாட்சியார் அமைச்சரவைக்கு வெளியே இருந்தார்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரா பிரிந்தது. ஆந்திர உறுப்பினர்கள் போனதும் சபை சுமார் 230-ஆகச் சுருங்கியது. 375-ல் 19 என்பது நூற்றுக்கு ஐந்து. 230-ல் அது நூற்றுக்கு எட்டுக்கு மேல். ஓர் ஓட்டுகூடக் கூடுதலாக வாங்காமலே கட்சியின் எடை கூடியது. குலக்கல்வித் திட்ட எதிர்ப்பில் ராஜாஜி விலக, 1954 ஏப்ரல் 13-ல் காமராஜர் முதல்வரானார். அவர் அமைத்தது எட்டுப் பேர் அமைச்சரவை. அதில் மாணிக்கவேலு நாயக்கரும் இருந்தார், படையாட்சியாரும் இருந்தார், அவருக்கு உள்ளாட்சித் துறை. உழைப்பாளர் கட்சி கலைந்து காங்கிரஸில் சேர்ந்தது.

இதை விலைபோனது என்று எழுதுவது சுலபம். ஆனால் அந்தக் கட்சியின் அமைப்பைப் பாருங்கள். அதன் கிளை என்பது ஊரில் இருந்த சங்கம்தான். சங்கத்துக்கு வேண்டியது பள்ளிக்கூடம், வேலை, போர்டில் செல்வாக்கு. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தால் இவற்றில் எதுவும் நடக்காது. உள்ளாட்சித் துறை கையில் இருந்தால் நடக்கும். தலைவர் மந்திரியான பிறகும் கட்சியைத் தனியாக நடத்த வேண்டுமென்றால், சங்கத்துக்கு வெளியே சந்தா கட்டும் உறுப்பினர், பத்திரிகை, தொழிற்சங்கம் என்று ஏதாவது இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் புதுச்சேரியில் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவுக்கு மில் தொழிலாளர் சங்கம் இருந்தது, 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டில் 12 பேரைப் பலிகொடுத்த சங்கம். அந்த மாதிரி முதுகெலும்பு உழைப்பாளர் கட்சிக்கு, பெயரில் உழைப்பாளர் இருந்தும், அமையவில்லை.

எல்லாரும் போகவில்லை. ஏ. கோவிந்தசாமி காங்கிரஸில் சேர மறுத்து உழவர் கட்சி என்று நடத்தினார். இதைக் காமன்வீலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு, அது வேறு. பிறகு தி.மு.க.வுக்குப் போய், 1967-ல் அண்ணா அமைச்சரவையில் வேளாண் அமைச்சரானார். உதயசூரியன் சின்னம் அவரிடமிருந்து தி.மு.க.வுக்குப் போனது என்பது இந்தப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் சலிக்காமல் சொல்வது.

இன்று இப்படி நடந்தால் பதவி போயிருக்குமே என்று கேட்பவர்களுக்கு: போயிருக்காது. கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் போதும் என்ற வழியை 2003 திருத்தம் அடைத்துவிட்டது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு சம்மதத்தோடு இன்னொரு கட்சியில் இணைவதற்கு இன்றும் வழி உண்டு. 19-க்கு அது 13 பேர். இணைய மறுத்துத் தனியாக நிற்பவருக்கும் அதே பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. ஆக, படையாட்சியாருடைய வழியும் கோவிந்தசாமியுடைய வழியும் இன்றைய சட்டத்திலும் செல்லுபடியாகும்.

பழைய தேர்தல் அறிக்கைகளைப் புரட்டுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 19-ஐயும் 6-ஐயும் கூட்டி '25 உறுப்பினர் கட்சி' என்று எழுதாதீர்கள், அவை ஒருநாளும் ஒரே கட்சியாக இருந்ததில்லை. 1952 தொகுதிப் பெயரை இன்றைய தொகுதி எல்லையோடு பொருத்தவும் கூடாது. இரட்டைத் தொகுதிகள் 1961 சட்டத்தோடு ஒழிந்து, எல்லைகள் பலமுறை மாறிவிட்டன.

1957-ல் காமராஜர் அமைத்த அடுத்த அமைச்சரவையில் மாணிக்கவேலு நாயக்கர் இருந்தார், படையாட்சியார் இல்லை. கட்சி கையில் இல்லாதபோது பேரம் பேச என்ன இருக்கிறது? 1980-லும் 1984-லும் அவர் திண்டிவனத்திலிருந்து காங்கிரஸ் வேட்பாளராக மக்களவைக்குப் போனார். 1992 ஏப்ரலில் மறைந்தார். அடுத்த வருடம் தென்னாற்காட்டைப் பிரித்தபோது விழுப்புரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள், கடலூர்ப் பகுதிக்கு வள்ளலார் பெயரை. 1997-ல் எல்லா மாவட்டங்களிலும் தலைவர் பெயர்களை எடுத்தபோது அதுவும் போயிற்று.